கண்ணாடியில பனி, காலுக்கடியில ஈரம்: கார் கேள்வி பதில்

ஐப்பசி மழை பிடிச்சதுல இருந்து வந்த கேள்வில முக்காவாசி ஒரே விஷயம்தான், காருக்குள்ள ஈரம். கண்ணாடி மூடிக்கிடுது, மேட்டுக்கு அடியில தண்ணி நிக்கி, கதவத் திறந்தா மக்கல் வாடை அடிக்கின்னு எல்லாப் பக்கமும் இருந்து எழுதியிருக்கீங்க. அதனால மைலேஜ், டயர் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிடுதேன். எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு முதல்லயே சொல்லிருதேன், தண்ணி எந்த வழியா உள்ள வருதுன்னு கண்டுபிடிக்காம சென்ட் பாட்டில் வாங்கி டேஷ்போர்டுல வைக்காதீங்க, வாடை மறையும் ஆனா அடியில தகரம் துருப்பிடிச்சிக்கிட்டேதான் இருக்கும்.

கேள்வி: அண்ணாச்சி, நாங்க கல்லிடைக்குறிச்சி. ஆறு பேரா பாபநாசம் அகஸ்தியர் அருவியில குளிச்சிட்டு ஈரத்துணியோட வண்டியில ஏறுனோம், மழை வேற. கொஞ்ச நேரத்துல முன் கண்ணாடி உள்பக்கமா வெள்ளையா மூடிட்டு, ரோடே தெரியல. ஏசியப் போட்டா குளிருதுன்னு பிள்ளைக கத்துது, அணைச்சா உடனே மூடுது. என்னதான் செய்ய?

தம்பி, ஆறு பேரு, ஈரத்தலை, ஈரத்துண்டு, நாலு கண்ணாடியும் ஏத்தி அடைச்சாச்சு, மூடாம என்ன செய்யும். ஒரு ஆளு சும்மா உக்காந்திருந்தாலே மூச்சும் வேர்வையுமா மணிக்கு 40, 50 கிராம் தண்ணி காத்துல கலக்கும், இதுல நீங்க துணியில வேற லிட்டர் கணக்கா கொண்டு வந்து ஏத்திருக்கீங்க. காத்து எவ்வளவு ஈரம் தாங்கும்னு ஒரு அளவு உண்டு, 30 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து ஏறத்தாழ 30 கிராம் நீராவி தாங்கும், 20 டிகிரிக்கு எறங்கிட்டா 17 கிராம்தான். சின்ன காருக்குள்ள மொத்தமே மூணு கன மீட்டர் பக்கம்தான் காத்து இருக்கும். வெளிய மழைத்தண்ணி பட்டுக் குளுந்து கெடக்க கண்ணாடிய உள்ள இருக்க வெதுவெதுப்பான காத்து தொட்ட உடனே, தாங்க முடியாத தண்ணியெல்லாம் கண்ணாடி மேலயே எறங்கிரும்.

முதல்ல பாக்க வேண்டியது ஏசிய இல்ல, காத்து உள்ளயே சுத்துத பட்டன. கார் படத்துக்குள்ள ஒரு அம்புக்குறி வளைஞ்சு நிக்கும்லா, அது. நம்ம ஊர்ல வெயிலுக்காக வருசம் பூரா அத அமுக்கியே வச்சிருக்கோம், மழைக்கும் அப்படியே கெடக்கு, உங்க ஆறு பேரு மூச்சும் வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்துது. அத எடுத்து வெளிக்காத்துக்கு மாத்துங்க. வெளிய மழை பெய்யுதே அந்தக் காத்தும் ஈரம்தானேன்னு கேக்கலாம், ஈரம்தான், ஆனா அது கூலிங் காயில்ல பட்டுத்தான் உள்ள வருது, அந்தக் காயில் குளுந்து இருக்கதால ஈரத்த அங்கனயே எறக்கி வச்சிட்டு வரும், அந்தத் தண்ணிதான் வண்டிக்கு அடியில சொட்டுதது. அதனால மழையில ஏசி போடுதது குளிருக்கு இல்ல, காத்த உலத்துததுக்கு.

பிள்ளைகளுக்கு குளிருதுன்னா ஏசிய அணைக்காதீங்க, டெம்பரேச்சர் கட்டைய சிவப்புப் பக்கம் கொஞ்சம் திருகுங்க. ஏசியும் ஹீட்டரும் ஒண்ணா ஓடலாமான்னு நெறைய பேருக்கு பயம் இருக்கு, தாராளமா ஓடலாம், ஏசி ஈரத்த எடுக்கும், ஹீட்டர் அந்த உலந்த காத்த சூடாக்கித் தரும், கண்ணாடிக்கு அத விட நல்ல காத்து கெடையாது. முன் கண்ணாடிக்கு அடிக்கிற பட்டனப் போட்டு ப்ளோயர ஃபுல்லா வைங்க, ரெண்டு மூணு நிமிசத்துல அடியில இருந்து தெளிஞ்சு மேல ஏறும். அணைச்சா உடனே மூடுதுன்னு எழுதியிருக்கீங்கள்லா, அதுக்கும் காரணம் இருக்கு, அதுவரைக்கும் காயில் மேல ஒட்டிக்கிட்டு இருந்த தண்ணி, ஏசி நின்ன உடனே திரும்பவும் ப்ளோயர் காத்துல ஏறி நேரா உங்க கண்ணாடிக்குத்தான் வருது. அதனால மழை பெய்யுத வரைக்கும் போட்டு அணைச்சுப் போட்டு அணைச்சு வெளையாடாதீங்க, ஒரே மாதிரி ஓடட்டும்.

அடுத்தது, கையால துடைக்கவே கூடாது. கையில உள்ள எண்ணெய்ப் பசை கண்ணாடில படிஞ்சா அடுத்த தடவை அந்த எடத்துலதான் முதல்ல பனி பிடிக்கும், ராத்திரி எதுத்தாப்ல லைட்டு அடிச்சா கோடு கோடா தெரியும். ஈரத்துணியெல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியிலயோ பையிலயோ போட்டு வாயக் கட்டி டிக்கில வைங்க. மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துன்னு ஏறுதவங்களுக்கும் இதேதான் சொல்லுதேன், மேல ஏற ஏற வெளிய குளுந்துக்கிட்டே வரும், வளைவுல வச்சு பட்டனத் தேடாம கீழ அணைக்கட்டு பக்கத்துலயே எல்லாத்தையும் செட் பண்ணிட்டு ஏறுங்க. அப்படியும் மூடிட்டுன்னா ஓரங்கட்டி நிறுத்தி கதவத் திறந்து விட்டு ஒரு ரெண்டு நிமிசம் பொறுத்துப் போறதுதான் மரியாத, தெரியாத ரோட்டுல பாத்துக்கிடலாம்னு ஓட்டாதீங்க, கூட பிள்ளைக இருக்கு.

கேள்வி: நான் உவரி. விடியக்காலம் வண்டிய எடுத்து ஏசி போட்டா கண்ணாடி மூடுது, துணி வச்சு உள்ள துடைச்சா போகவே மாட்டேங்கு. ஏசிதான் ஈரத்த எடுக்கும்னு சொல்லுதாங்க, எனக்கு மட்டும் ஏன் ஏசியாலயே வருது?

உங்களுக்கு பனி உள்ள இல்ல, வெளிய. கடக்கரைக் காத்துல ஈரம் ரொம்ப, ஏசி காத்து கண்ணாடிய உள்ள இருந்து குளுப்பாட்டுது, அந்த ஈரம் வெளிப்பக்கம் ஒட்டுது. வைப்பர ஒரு தடவை போடுங்க, போயிட்டுன்னா அதேதான். கண்ணாடிக்கு அடிக்கிற காத்த மூஞ்சிக்கோ காலுக்கோ திருப்புங்க, குளிர்ச்சிய கொறைங்க. வெரலால ஒரு கோடு போட்டுப் பாத்தா எந்தப் பக்கம்னு ஒரு நொடியில தெரிஞ்சிரும், உள்ளயா வெளியயான்னு தெரிஞ்சிக்கிட்டுதான் பட்டன்ல கை வைக்கணும், ஏன்னா ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

கேள்வி: பாளையங்கோட்டையில இருந்து எழுதுதேன். எங்க வண்டியில முன்சீட்ல டிரைவருக்கு இடப்பக்கம் கால் வைக்க எடத்துல கார்பெட் எப்பவும் ஈரமாவே இருக்கு. ஒர்க்‌ஷாப்ல காட்டுனா வாட்டர் சர்வீஸ்ல போயிருக்கும்னு சொல்லி காய வச்சு சென்ட் அடிச்சுக் குடுத்தாங்க. ஒரே வாரத்துல திரும்ப ஈரம், மக்கல் வாடை, பையனுக்கு வண்டில ஏறுனாலே தும்மல். என்ன பண்ணணும் அண்ணாச்சி?

அக்கா, தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாக்காம காய வச்சுக் குடுத்தா ஒரு வாரத்துக்கு மேல தாங்காது. பையன் தும்முததுக்கும் அந்தக் கார்பெட்டுக்கும் தொடர்பு இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு, பூஞ்சை பிடிச்ச ஃபோம்ல இருந்து வாறத மூச்சுல இழுத்தா ஒத்துக்காத பிள்ளைகளுக்கு அப்படித்தான் ஆகும், அதனால இத தள்ளிப் போடாதீங்க.

மழை இல்லாத நாள்லயும் ஈரம் இருக்கா, மழை பெஞ்சா மட்டும்தான் வருதான்னு முதல்ல பாருங்க. மழையே இல்லாம, ஏசி போட்டு ஓட்டுன அன்னைக்கெல்லாம் ஈரம்னா பெரும்பாலும் ஏசி டிரெயின் பைப் அடைப்பு. நம்ம ஊர் வண்டில கூலிங் காயில் பெட்டி இடப்பக்கம் டேஷ்போர்டுக்கு அடியிலதான் இருக்கும், அதுல சேருத தண்ணி ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியா வண்டிக்கு அடியில போகணும், தூசியும் பாசியும் சேந்து அது அடைச்சிக்கிட்டா தண்ணி நெறஞ்சு உள்பக்கமா வழியும், நேரா உங்க காலுக்கடியிலதான். கண்டுபிடிக்க ஒரு ஒர்க்‌ஷாப்பும் வேண்டாம், காஞ்ச தரையில வண்டிய நிப்பாட்டி ஏசிய இருவது நிமிசம் போட்டு விட்டு அடியில எட்டிப் பாருங்க, நம்ம ஊர் காத்துக்கு சொட்டுச் சொட்டா விழுந்து ஒரு சின்னக் குளம் கட்டிருக்கணும், ஒரு சொட்டும் இல்லன்னா அடைப்புதான். மெக்கானிக்க வண்டியத் தூக்கச் சொல்லி அடியில இருந்து அந்தக் குழாய்க்கு பைய கொஞ்சமா காத்து விடச் சொல்லுங்க, கம்பிய விட்டு குத்த விடாதீங்க, உள்ள காயில் மெல்லிசு அலுமினியம், ஒரு ஓட்ட விழுந்தா கேஸ் எறங்கிரும், செலவு பெருசாயிரும்.

ஈரத்த வெரல்ல தொட்டுப் பாருங்க. வெறும் தண்ணியா இருந்தா மேல சொன்ன ஏசித் தண்ணி, இல்லன்னா கீழ சொல்லுத மழைத்தண்ணி. பிசுபிசுன்னு இருந்து ஒரு இனிப்பு வாடை அடிச்சு, முன் கண்ணாடியிலயும் எண்ணெய் மாதிரி ஒரு படலம் படிஞ்சா அது ஹீட்டர் காயில்ல இருந்து கசியுத கூலண்ட், எஞ்சினக் குளுப்பாட்டுத தண்ணி, பொறுக்கவே கூடாது, எஞ்சின் அளவுக்கு மீறி சூடேறுத வரைக்கும் காத்திருக்காம உடனே காட்டணும்.

மழை பெஞ்சா மட்டும் வருதுன்னா வழி வேற. நீங்க வண்டிய வேப்ப மரத்தடியில நிப்பாட்டுதீங்களா? வைப்பருக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதுக்குள்ள விழுத மழைத்தண்ணி ரெண்டு ஓரத்துலயும் உள்ள ஓட்ட வழியா கீழ எறங்கணும், வேப்பங்கொழுந்தும் பூவும் சருகும் போய் அடைச்சு மக்கி மண்ணாவே ஆயிரும், தண்ணி நெறஞ்சு ப்ளோயர் காத்து எடுக்க வழியா உள்ள வந்துரும். பானட்டத் திறந்து கையால அள்ளி எடுத்தாலே பாதிப் பிரச்சனை முடிஞ்சிரும். அடுத்தது கதவு. கதவுக்குள்ள மழைத்தண்ணி போறது சகஜம்தான், அதுக்காகவே அடியில ஓட்ட வச்சிருப்பாங்க, டிங்கரிங் பெயிண்டிங் பண்ணும்போது அத அடைச்சி விட்டிருப்பாங்க, இல்லன்னா ஸ்பீக்கர் மாத்துதேன்னு டோர் பேடக் கழத்தி உள்ள ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டக் கிழிச்சிட்டு அப்படியே மூடியிருப்பாங்க. அந்த ஷீட்டு சும்மா தூசிக்குன்னு நெனைக்காங்க, அதுதான் தண்ணிய கதவுக்குள்ளயே நிறுத்துதது. ஸ்பீக்கர் மாத்துன பெறகு ஈரம் வந்துச்சுன்னா முதல்ல அங்கதான் பாக்கணும். சன்ரூஃப் உள்ள வண்டின்னா நாலு மூலையிலயும் டிரெயின் குழாய் உண்டு, அதுல எதாவது அடைச்சாலும் தண்ணி தூண் வழியா எறங்கி காலுக்கடியிலதான் சேரும்.

எதுன்னு தெரியலன்னா ஓஸ் வச்சுப் பாக்கதுதான் வழி. ஒரு ஆளு டார்ச்சோட உள்ள இருக்கணும், இன்னொரு ஆளு வெளிய இருந்து மெதுவா தண்ணி விடணும், முதல்ல கதவடி, அப்புறம் கதவுக் கண்ணாடி, அப்புறம் முன் கண்ணாடி, கடைசியில கூரைன்னு கீழ இருந்து மேல போகணும், எடுத்த உடனே கூரையில விட்டா எல்லாப் பக்கமும் வழிஞ்சு எது ஓட்டைன்னே தெரியாமப் போயிரும். ப்ரஷர் பம்ப வச்சு அடிக்காதீங்க, நல்ல ரப்பர் பீடிங்கும் அந்த வேகத்துக்கு விட்டுக் குடுத்துரும்.

வழிய அடைச்ச பெறகுதான் காய வைக்கது. மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், கார்பெட்டுக்கு அடியில மொத்தமா ஒரு ஃபோம் இருக்கும், அது தண்ணியக் குடிச்சு மாசக்கணக்குல வச்சிருக்கும். சீட்டக் கழத்தி கார்பெட்டத் தூக்கி ஃபோம வெளிய எடுத்து வெயில்ல போடணும், ரொம்ப மக்கிட்டுன்னா மாத்திருங்க. சீட்டுக்கு அடியில மஞ்சக் கலர் ஒயர் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, பேட்டரி ஒயரக் கழத்தாம அதுல கை வைக்க விடாதீங்க, இது தெரிஞ்ச ஆளுகிட்ட மட்டும் குடுங்க. தரைத் தகரம் வெளிய தெரியும்போதே துரு இருக்கான்னு பாத்து அப்பவே சுரண்டி பெயிண்ட் அடிச்சிருங்க.

கேள்வி: திருநெல்வேலி டவுன். பழைய கார் ஒண்ணு வாங்கலாம்னு பாத்து வச்சிருக்கேன், விலை ரொம்ப கொறைவு. உள்ள சென்ட் வாடை தூக்குது, அதுக்கு அடியில மண் வாடை. 2023 வெள்ளத்துல நின்ன வண்டியா இருக்குமோன்னு பயமா இருக்கு.

பயப்படுதது நியாயம்தான். 2023 டிசம்பர் 17, 18 மழைய இங்க யாரும் மறக்க முடியாது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி பெருகி ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம்னு தெருவுல நின்ன வண்டியெல்லாம் முங்குச்சு. அதுல நல்லபடியா சரிபண்ணி உண்மையச் சொல்லி வித்தவங்களும் உண்டு, கழுவி சென்ட் அடிச்சு மறச்சு விக்கவங்களும் உண்டு.

சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் வெளிய இழுங்க, உருளைக்குள்ள கெடக்க பகுதியில மண் கறைக் கோடு இருந்தா அது தண்ணி நின்ன அளவு, அத யாரும் கழுவ நெனைக்க மாட்டாங்க. சீட்டு முன்ன பின்ன நகருத தண்டவாளத்துலயும் அதோட போல்ட்டுலயும் துரு, ஸ்டெப்னி வைக்க குழியில வண்டல், டேஷ்போர்டுக்கு அடியில உள்ள இரும்பு பிராக்கெட்ல துரு, லைட்டுக்குள்ள பனி, இத வரிசையாப் பாருங்க. கார்பெட் மட்டும் புத்தம் புதுசா இருந்தாலும் ஏன்னு கேளுங்க. எல்லா பவர் விண்டோ, லாக், ஹாரன், ஏர்பேக் லைட்டு போட்டுப் பாருங்க, வெள்ளத்துல நனைஞ்ச ஒயர் உடனே போகாது, ஒரு வருசம் கழிச்சு பச்சை பிடிச்சு ஒண்ணொண்ணாப் போகும். அந்த வருசத்து இன்சூரன்ஸ் பாலிசி காப்பியும் அதுக்கு அடுத்த வருசத்து காப்பியும் கேளுங்க, நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் பண்ணாம இருந்ததுக்குக் குடுக்க தள்ளுபடி, திடீர்னு சைபர் ஆயிருந்தா எதுக்கு க்ளெய்ம் பண்ணீங்கன்னு நேராவே கேளுங்க. காப்பி தர மாட்டேன்னு சொன்னா விட்டுருங்க தம்பி, அந்த விலைக்கு ஆசைப்படாதீங்க.

கேள்வி: தென்காசி. மகன் துபாய்ல இருக்கான், கார் வீட்ல சும்மாதான் நிக்கி. சாரல் முடிஞ்சு திறந்தா சீட்டு, ஸ்டியரிங், பெல்ட் எல்லாம் வெள்ளையா பூஞ்சை. ஒரு கிண்ணத்துல கல்லுப்பு வச்சா ஈரத்த இழுத்துக்கிடும்னு சொல்லுதாங்க, வைக்கலாமா?

கல்லுப்பு வைக்காதீங்க ஐயா. உப்பு காத்துல ஈரம் 75 சதவீதத்துக்கு மேல போனாத்தான் தண்ணியா கரைய ஆரம்பிக்கும், அதுக்குக் கீழ எறங்குனா இழுத்தத திரும்ப விட்டுரும், இதுக்கு நடுவுல கிண்ணம் கவுந்தா உப்புத்தண்ணி தரையில எறங்கி துருவுக்கு வழி பண்ணிரும். கால்சியம் குளோரைடு டப்பா நல்லா இழுக்கும், ஆனா அதுவும் தண்ணியாத்தான் ஆகும், நிக்கிற வண்டிக்கு மட்டும் நிமித்தி வைங்க, வண்டிய எடுக்கும்போது வெளிய எடுத்துருங்க. எனக்குப் பிடிச்சது சிலிக்கா ஜெல், ஒரு கிலோ வாங்கி துணிப்பையில கட்டிப் போடலாம், ஆரஞ்சு பச்சையா மாறுத ரகம் கேட்டு வாங்குங்க, நீல ரகத்துல கோபால்ட் இருக்கு, அது உடம்புக்கு ஆகாது. கலர் மாறுனா சூடு காட்டி திரும்ப உபயோகிக்கலாம், சமையல் சட்டியில மட்டும் வறுக்காதீங்க.

பூஞ்சைய எடுக்க நல்ல வெயில் நாளாப் பாத்து நாலு கதவையும் திறந்து போட்டு, மாஸ்க் போட்டுக்கிட்டு, வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்த துணியால துடைங்க, அப்புறம் வெறும் தண்ணித் துணி, அப்புறம் காய விடுங்க. பெல்ட்ட முழுசா இழுத்து க்ளிப் போட்டு நிறுத்தி லேசான சோப்புத் தண்ணியில கழுவுங்க, ப்ளீச்சிங் பக்கமே போகக் கூடாது, நூல் வலு போயிரும், விபத்துல உயிரத் தாங்குத நூல் அது. நல்லா காஞ்ச பெறகுதான் உள்ள விடணும். கொட்டாய்க்குள்ள நிக்கிற வண்டின்னா கண்ணாடிய ஒரு வெரக்கடை எறக்கி வைங்க, மண் தரையில நிப்பாட்டி பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க, தரை ஈரமெல்லாம் உள்ளயே தங்கிரும், காத்துப் போகுத துணிக் கவர் வாங்குங்க. வாரத்துல ஒரு நாளு யாராவது எடுத்து ஆய்க்குடி வரைக்கும் ஏசி போட்டு ஓட்டிட்டு வந்தா அத விட மருந்து இல்ல, பேட்டரிக்கும் நல்லது.

கேள்வி: ஏசி போட்ட உடனே நனைஞ்ச சாக்ஸ் வாடை, கொஞ்ச நேரத்துல போயிருது. ஏன்? (வள்ளியூர்)

கூலிங் காயில் ஈரத்துல பூஞ்சை. வீடு வர ரெண்டு மூணு நிமிசத்துக்கு முன்ன ஏசிய மட்டும் அணைச்சிட்டு ப்ளோயர ஓட விடுங்க, காயில் காஞ்சிரும். க்ளவ் பாக்ஸ்க்குப் பின்னால கேபின் ஃபில்டர் இருக்கும், கழத்திப் பாருங்க, கருப்பா சருகோட இருந்தா தட்டி மாட்டாம புதுசு போடுங்க. அப்புறமும் வாடை போகலன்னா காயில க்ளீன் பண்ணணும்.

கேள்வி: கண்ணாடி உள்பக்கம் ஷாம்பு தேச்சா பனி பிடிக்காதாமே, நெசமா? பின் கண்ணாடிக்கும் தேய்க்கலாமா? (அம்பாசமுத்திரம்)

நெசம்தான், ஷாம்பு மெல்லிசா தடவி காஞ்ச துணியால தேச்சு எடுத்தா தண்ணி புள்ளி புள்ளியா நிக்காம ஒரே படலமா விரிஞ்சிரும், அதனால தெளிவாத் தெரியும். ரெண்டு மூணு நாளைக்குத் தாங்கும், ஆனா சரியா தேச்சு எடுக்கலன்னா ராத்திரி எதுத்த லைட்டுக்கு கண்ணு கூசும், அதனால நாலு வழிச் சாலையில ராத்திரி ஓட்டுதவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். புது வண்டில டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயில்ல காஞ்சு ஒரு ஆவி வந்து கண்ணாடில படியும், அந்தப் படலத்த மாசத்துக்கு ஒரு தடவை மைக்ரோஃபைபர் துணியால சுத்தமா எடுத்தாலே பாதி பனி பிடிக்காது. பின் கண்ணாடில கோடு கோடா இருக்கது டீஃபாகர் கம்பி, அதுக்கு ஷாம்பு வேண்டாம், பட்டனப் போட்டா அதுவே சூடாகி தெளிஞ்சிரும். துடைக்கணும்னா கோட்டோட போக்குலயே குறுக்க துடைங்க, மேலயும் கீழயும் அழுத்தி இழுக்காதீங்க, ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா பிளேடால சுரண்டாதீங்க, ஒரு எடத்துல அறுந்தா அந்தக் கோடு முழுசும் வேலை செய்யாது.